சந்தனம் வைத்த பொத்தான்

ஹைதராபாத்தில் ஒரு சர்க்கார் தொழிற்சாலையில், இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவாக்கும் பிரஸ் ஷாப்பில் அப்பா ஃபோர்மேன். ஆயுத பூஜையன்று மட்டும் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். அந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. பட்டுப்பாவாடையும் சந்தனக் கிண்ணமுமாக ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பொட்டு வைத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த அதிகாரிகளைவிட எனக்குத்தான் மிடுக்கு அதிகம்.

பெரிய பிரஸ் எனக்கு எட்டவில்லை. அதை ஓட்டுபவரைச் சாச்சா என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் தூக்கிப் பிடித்து, "இதர் பீ லகா பேட்டி" என்று இரண்டு பச்சைப் பொத்தான்களைக் காட்டினார். இங்கேயும் வை என்கிறார். கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அப்பினேன்.

இரண்டு கையாலும் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை அடியில் மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. விடுமுறை முடிந்த காலை, சாச்சா இடது கையால் தகட்டை நகர்த்திக்கொண்டே, பழக்கத்தில் வலது பொத்தானை அழுத்தியிருக்கிறார். பிரஸ் இறங்கிவிட்டது. இடது கையில் மூன்று விரல்கள் போயின.

மேலிடத்துக்கு 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ஒரு வரி போதும். அந்த வரி வந்தால் சாச்சாவுக்கு வேலை போய்விடும். அதை எழுத வேண்டியவர் அப்பா. அவருக்கு மனசு ஒப்பவில்லை. பிரஸ்ஸைப் பிரித்துப் பார்த்தார். இடது பொத்தான் உள்ளே அமுங்கியபடி, காய்ந்த சந்தனத்தில் இறுகிக் கிடந்தது.

அன்று சாப்பிடும்போது கேட்டார்.

"பெரிய பிரஸ் பொத்தான்ல சந்தனம் வெச்சது யாரும்மா?"

"நான்தான்ப்பா. ஹவ், நல்லா அழுத்தி வெச்சேன்" என்று ஆமாமுக்குச் சாச்சா சொல்லும் 'ஹவ்'வையும் சேர்த்துச் சொன்னேன், மெச்சிக்கொள்வார் என்ற நினைப்பில்.

"சமத்து" என்றார். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

பல வருஷம் கழித்து, அப்பா காலமான பிறகு, அவர் பெட்டியில் அந்த விபத்துக்கு அவர் எழுதிய அறிக்கையின் நகல் கிடைத்தது. ஒரு பொத்தான் சிக்கிக்கொண்டால் பிரஸ் நின்றுவிடும்படி மின் இணைப்பு இல்லாதது முதல் காரணம். பூஜைக்குப் பின் பொத்தான்களைத் துடைத்துச் சோதிக்காமல் ஓட்டவிட்டது இரண்டாவது, ஓட்டவிட்டவர் ஃபோர்மேன். சந்தனம் வைத்தது யார் என்ற பேச்சே அதில் இல்லை.

அன்று அந்த அறிக்கை போனதும் எல்லாப் பிரஸ்களிலும் இணைப்பை மாற்றினார்கள். சாச்சாவை, ஆட்களின் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீஸில் உட்கார வைத்தார்கள். அப்பாவின் பதவி உயர்வு அத்தோடு நின்றுபோயிற்று.

அடுத்த ஆயுத பூஜைக்குக் காலனிப் பிள்ளைகளெல்லாம் கிளம்பிப் போக, அப்பா என்னை மட்டும் வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனார். காரணம் சொல்லவில்லை. நாளெல்லாம் அழுது அம்மா உயிரை வாங்கினேன். அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றுகூடச் சொன்னேன்.

சாயங்காலம் அப்பாவோடு சாச்சாவும் வந்தார். வலது கையில் எனக்கென்று ஒரு பொட்டலம் பூஜைப் பொரி. "கைக்கு ரோரி பேட்டி?" என்று, ஏன் அழுகிறேன் எனக் கேட்டுக் குனிந்து, இடது கையில் மிஞ்சிய இரண்டு விரல்களால் என் கண்ணைத் துடைத்துவிட்டார். அப்பா மட்டும் சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வீட்டுக்கு வந்தவரை இப்படி நிற்கவைத்துவிட்டுப் போகிறாரே என்று எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் வந்தது.