லோட்டா போட்ட முடிச்சு

தேனியில் ஒரு ஸ்வீட் கடை. சித்திரை மாதச் சாயங்காலம், உள்ளே நிற்க இடமில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு, ஆறடி உயர வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மாமா... எனக்கு ஒரு ஜிலேபி வாங்கித் தாங்க மாமா."

கடையே திரும்பிப் பார்த்தது. காரச்சேவு நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசை மறந்தார். வாசலில் வேன் சாவியோடு நின்ற பாண்டிக்கு முகம் வெளிறிப் போயிற்று. அவளோடு வந்த பாவத்துக்கு எனக்கு, கல்லாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

குரல் கொடுத்தவள் பெயர் லோட்டா. சிரிக்காதீர்கள். ஸ்வீடனில் அது நல்ல பெயராம்.

ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களை ஒட்டி ஒரு குழந்தைகள் இல்லம் இருக்கிறது. என் கல்லூரித் தோழி, உத்தமபாளையத்து ஜமீலா நடத்துகிறாள். சனிக்கிழமை தோறும் அல்லிநகரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. லோட்டா அங்கே தொண்டு செய்ய வந்தவள். ஒரு பொம்பளைப் பிள்ளையை லோட்டா, செம்பு என்றெல்லாம் கூப்பிடத் தனக்கு வாய் வரவில்லை என்று சமையல்கார அம்மா முதல் நாளே அவளை லதா ஆக்கிவிட்டார்.

வெளிநாட்டுத் தொண்டர்கள் என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. பத்து நாள் வருவார்கள். சுவரில் வண்ணத்துப்பூச்சி வரைவார்கள். பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி மதுரை ஏர்போர்ட்டுக்குக் கிளம்புவார்கள். அடுத்து வரும் குழு, அதே வண்ணத்துப்பூச்சி மேல் யானை வரையும். இத்தனை பெயின்ட்டில் அந்தச் சுவரே தடித்துப் போய்விட்டது என்பாள் ஜமீலா.

லோட்டா அந்த ரகம் இல்லை. வந்தாள், தங்கிவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தாள். பேன் பார்த்தாள், மூக்குச் சிந்திவிட்டாள், சண்டை விலக்கினாள். தமிழும் கற்றுக்கொண்டாள். யாரிடம்? அங்கேதான் வந்தது வினை... ஏழு வயசுப் பிள்ளைகளிடம்.

ஆக, அவள் பேசியது ஏழு வயசுத் தமிழ். கேஸ் சிலிண்டர் கொண்டுவர இழுத்தடித்தவரிடம், "போங்க, உங்ககூட காய்" என்று விரலை நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். மனிதர் மறுநாளே சிலிண்டரோடு வந்து நின்று, பழம் விடச் சொல்லிக் கெஞ்சினார்.

பிள்ளைகள் வேன் டிரைவர் பாண்டியை மாமா என்பார்கள். அவளும் மாமா என்றாள். என்னை அத்தை என்பார்கள். அவளுக்கும் நான் அத்தைதான். இல்லத்துக்குள் அது யார் காதிலும் உறுத்தவில்லை. ஆனால் கடைத்தெருவில்? இருபத்தேழு வயசுப் பெண், கிட்டத்தட்ட அதே வயசு ஆணை வாய் நிறைய மாமா என்று கூப்பிட்டால், நம் ஊரில் அதற்கு எத்தனை அர்த்தம் இருக்க முடியும்? ஒன்றுதான்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாமே என்பீர்கள். போயிருக்கலாம்தான், அந்த ஜிலேபித் தட்டுக்குப் பக்கத்தில் செல்வியின் சித்தப்பா நிற்காமல் இருந்திருந்தால்.

செல்வி, பாண்டிக்குப் பேசி முடித்திருந்த பெண். சின்னமனூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். இல்லத்துப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போன வகையில் பழக்கம். அந்த வருஷம் எந்தப் பிள்ளை லேசாகத் தும்மினாலும், "எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துருவோம்மா" என்று பாண்டி வேனைக் கிளப்பிவிடுவான். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை.

செல்வியின் அப்பா திராட்சை விவசாயி. ஒரு வருஷம் முரண்டு பிடித்தார். பையன் தங்கம் என்று அவரே சொல்வார். ஆனால் பாண்டி அந்த இல்லத்திலேயே வளர்ந்தவன், பெற்றவர்கள் யாரென்று தெரியாதவன். நல்லது கெட்டதுக்கு வந்து நிற்க ஒரு சொந்தம் வேண்டாமா? இதுதான் அவர் கேள்வி. செல்வி அழுது, பட்டினி கிடந்து, ஒரு வழியாகச் சம்மதம் வாங்கினாள். அந்த வெள்ளிக்கிழமை பூ வைப்பதாக ஏற்பாடு. அதற்கு ஸ்வீட் ஆர்டர் கொடுக்கத்தான் நாங்கள் தேனிக்கு வந்ததே.

வேன் வீரபாண்டி ஊரைத் தாண்டுவதற்குள் ஜமீலாவிடமிருந்து போன். பூ வைக்க வர வேண்டாம் என்று செல்வியின் அப்பா சொல்லிவிட்டாராம். பாண்டி வேனை ஓரங்கட்டினான். ஸ்டீயரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

என்ன நடந்தது என்று லோட்டாவுக்கு நான் விளக்கினேன். ஒரு சொல்லால் ஒரு கல்யாணம் நிற்குமா என்று அவளால் நம்ப முடியவில்லை. நம்பியதும் காது மடல் வரை சிவந்துபோய் அழ ஆரம்பித்தாள். அதுவும் ஏழு வயசு அழுகைதான்... ஏங்கி ஏங்கி. பாண்டியைத் தேற்றுவதா, இவளைத் தேற்றுவதா? எனக்கும் அழுகை வந்துவிட்டது. முழுசாக ஒரு குடும்பம் கிடைக்கப் போகிறது என்று அந்தப் பையன் எவ்வளவு சந்தோஷமாக இருந்தான் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் நாங்கள் மூன்று பெண்களும் செல்வி வீட்டுக்குப் போனோம். பாண்டி வேனை விட்டு இறங்கவில்லை.

லோட்டாவுக்குத் தமிழ் சரியாக வராது, அதனால் வந்த தப்பு என்று சொல்லிச் சமாளிப்பது ஜமீலாவின் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள், தண்ணீர் கொண்டுவந்த செல்வியின் அம்மாவிடம் லோட்டா, சமையல்கார அம்மாவிடம் பிடித்த தமிழில், வெயில் எம்புட்டுக் கொளுத்துது ஆத்தா, தோட்டத்துக்கு மருந்தடிக்க ஆள் வந்தாகளா என்று குசலம் விசாரித்துவிட்டாள்.

அதன் பிறகு ஜமீலா தன் வசனத்தைச் சொன்னாள். செல்வியின் அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"தமிழ் வராதுங்கிறீக. என்னைய விட நல்லாப் பேசுதே."

போயிற்று திட்டம்.

அவர் கோபமாகக்கூட இல்லை, அதுதான் கஷ்டம். மனசு விட்டுப் போன குரலில் சொன்னார். "அக்கா தங்கச்சி இல்லாத பையன். நாளைக்கு மூணாவது முடிச்சுப் போட ஒரு நாத்தனா இல்ல. ஊரு கேக்கும், சரி, கேக்கட்டும்னு முழுங்கினேன். இதையும் முழுங்கச் சொன்னா எப்படி?"

லோட்டா என் பக்கம் குனிந்து, பாண்டியை என்னவென்று கூப்பிட வேண்டும் என்று கேட்டாள். அண்ணே என்று கூப்பிட வேண்டும் என்றேன். நாத்தனா என்றால் யார் என்றாள். மாப்பிள்ளையின் அக்காவோ தங்கச்சியோ என்றேன். உடனே விரலை மடக்கி என்னவோ கணக்குப் போட ஆரம்பித்தாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் இல்லத்துப் பிள்ளைகள் எந்த நேரமும் அப்பா அம்மா விளையாட்டுத்தான் விளையாடும். யார் யாருக்கு என்ன முறை என்பதில் அடிதடியே நடக்கும். வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு அதில் பாதி தெரியாது. இதுகளுக்கோ முறைகள் அத்தனையும் தலைகீழ்ப் பாடம், ஆட்கள்தான் இல்லை. அந்த ஆட்டத்தில் இரண்டு வருஷமாக நாத்தனார், கொழுந்தியாள் என்று எல்லா வேஷமும் போட்டவள் லோட்டா. பேர் தெரியாமல் போட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

"பாண்டி எனக்கு அண்ணேன்னா, செல்வி எனக்கு மதினி" என்றாள் மெதுவாக. பிறகு செல்வியின் அப்பா பக்கம் திரும்பினாள். "மதினிக்கு அப்பான்னா, நீங்கதான் எனக்கு மாமா. முடிச்ச நான் போடுறேன் மாமா."

முறை சரியாகத்தான் இருந்தது. பாண்டியைச் சொன்னபோது குடியைக் கெடுத்த சொல், இவரைச் சொன்னபோது இம்மியும் பிசகவில்லை. தப்புக் கண்டுபிடிக்க அவர் வாயைத் திறந்தார், மூடினார். உள்ளே கதவுக்குப் பின்னால் அதுவரை அழுதுகொண்டிருந்த செல்வி வெளியே வந்தாள்.

"அவுகளே போடட்டும்பா."

அவர் மனைவியிடம், வெளியே வேனில் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காப்பி கொடுக்கச் சொன்னார். மாப்பிள்ளை என்றார், பாருங்கள். ஜமீலா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

வைகாசியில் கல்யாணம். பட்டுப்புடவையில் லோட்டா, மணமேடையில் பெண்ணுக்குப் பின்னால் கொடிமரம் மாதிரி நின்றாள். அவள் அப்பா மீன்பிடி படகு வைத்திருப்பவராம், கயிற்றில் முடிச்சுப் போடுவது குலத்தொழில் என்று சமயம் பார்த்து எடுத்துவிட்டாள். முதல் இரண்டு முடிச்சையும் பாண்டி போட்டான். மூன்றாவதை லோட்டா போட்டாள். எப்படி? சுற்றி, நுழைத்து, மறுபடி சுற்றி, இரண்டு கையாலும் ஓர் இழுப்பு. செல்வி லேசாக ஆடிப்போனாள். "போதும் தாயி" என்றார் ஐயர்.

ஆனியில் விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான், அலர்ஜி அது இது என்று பேசிய அதே ஆள்.

போன வாரம் ஆடிப் பதினெட்டு. செல்விக்குத் தாலி பிரித்துக் கோக்க வேண்டும் என்று எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். முதல் இரண்டு முடிச்சும் நொடியில் அவிழ்ந்தன. மூன்றாவது? ஊஹூம். நகத்தால் பார்த்தார்கள். ஊக்கால் நெம்பினார்கள். எண்ணெய் விட்டார்கள். செல்வியின் பெரியம்மா பல்லாலேயே இழுத்துப் பார்த்தார், பல் ஆடியதுதான் மிச்சம். கத்தரிக்கோல் என்ற சொல்லை யாராவது சொல்வார்களா? நல்ல நாளும் அதுவுமாக, அது வீட்டில் எங்கே இருக்கிறது என்று நினைக்கக்கூடப் பயந்தார்கள்.

கடைசியில் வீடியோ காலில் லோட்டாவைப் பிடித்து, எப்படி அவிழ்ப்பது என்று கேட்டோம். படகு முடிச்சு, சொல்லிக் கொடுக்க வராது, கையில் பிடித்தால்தான் தெரியும் என்றாள். செல்வியின் அப்பா போனை வாங்கிக்கொண்டார்.

"சொல்லித் தர வேணாம் ஆத்தா. போட்ட கைதான் வந்து அவுக்கணும். அதுவரைக்கும் அது அங்கனயே கெடக்கட்டும். நீ எப்ப வார?"

நாத்தனாரை வா வா என்று பெண் வீட்டார் வருந்தி அழைத்ததை, என் ஆயுசில் இப்போதுதான் பார்க்கிறேன்.