இரண்டேகால் சுற்று

2023 ஜூலை 26, புதன்கிழமை, முற்பகல் பதினொன்று பத்து. மழை இல்லை. ஆடிக்காற்று கொட்டகையின் ஒன்பது தகரங்களையும் தட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து மூன்று முறை மின்சாரம் போய் வந்திருந்தது.

மரம் கடையும் சிறிய லேத் ஒன்று என்னிடம் உண்டு. கட்டையைக் கவ்விப் பிடித்தபடி சுழலும் இரும்பு வட்டைச் சக் என்பார்கள். என் லேத்துக்கென்றே செய்த நான்கு தாடை சக் ஏழாயிரத்து நானூறு ரூபாய். பழைய இரும்புக் கடையில் மூன்று தாடை சக் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குக் கிடைத்தது. இரும்பு வேலைக்கானது, எடை நான்கு கிலோ இருநூறு கிராம். அதை என் லேத்தின் தண்டில் ஏற்ற, நடுவே மரை, அதாவது திருகுப் புரி, வெட்டிய வளையம் ஒன்று வேண்டும்.

பூட்டுப் பட்டறைகளுக்கு வேலை செய்யும் கடைசல்காரரிடம் போனேன்.

"மிஷினையே ஆட்டோல ஏத்திக் கொண்டாங்க சார். மாட்டிப் பாத்துத்தான் வெட்டணும். காயிதத்தப் பாத்து இங்க யாரும் வெட்டுறதில்ல" என்றார்.

"அங்குலத்துக்கு ஒன்பது மரை. மூணு தடவை எண்ணியிருக்கேன்."

அவர் சிரித்தார். "கணக்கு வாத்தியாரே எண்ணிட்டாரு. அப்புறம் நான் யாரு சொல்ல?"

ஒன்பதாகவே வெட்டிக் கொடுத்தார். நான் எண்ணியது மரையின் முகடுகளை. எண்ண வேண்டியது இடைவெளிகளை, அவை எட்டுதான். வேலிக் கம்புகளைவிட இடைவெளி ஒன்று குறையும் என்று முப்பத்தொரு வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான்.

ஆறு சுற்று ஏற வேண்டிய சக் இரண்டேகால் சுற்றில் இறுகி நின்றது. தண்டில் மரை முடியும் தோளுக்கும் அதற்கும் இடையே ஒரு விரல் நுழையும். பார்த்தேன். இறுகிவிட்டதே, போதும் என்று நினைத்தேன். உப்புக் கிண்ணம் கடைய வாகைக் கட்டையைப் பூட்டினேன்.

"இம்புட்டு இரும்ப அந்தச் சின்ன மிஷினு தாங்குமா?" என்று மனைவி வாசலிலிருந்து கேட்டாள். "உப்புக் கிண்ணம் கடையில நாப்பது ரூபா."

தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்கு ஆர்மோனியம் வாசிப்பவள் அவள். அந்த விரல்களை நினைத்தே தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டிருந்தேன்: மோட்டார் ஓடும்போது தாண்டக் கூடாது. லேத் வந்த இருபத்தாறு வாரத்தில் அவள் ஒருமுறைகூடத் தாண்டியதில்லை.

ஓட்டினேன். முதலில் ரீங்காரம். நான்கு நிமிடம் கழித்து அதனடியில் டக், டக் என்று இன்னொரு சத்தம். நிறுத்தியிருக்க வேண்டும். நான் அதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினொன்று பத்துக்கு மின்சாரம் போனது. மோட்டார் அடங்கியது. மோட்டாரோடு பிணைத்த வார் தண்டை இழுத்து நிறுத்தப் பார்த்தது. நான்கு கிலோ இரும்பு நிற்கவில்லை. அது தன் வேகத்திலேயே சுற்றி, மரையை அவிழ்த்துக்கொண்டு வந்தது.

சத்தம் ஓய்ந்ததால் அவள் கோட்டைத் தாண்டிவிட்டாள். கையில் மோர்.

"கரண்டு போயிருச்சு. இந்தாங்க, செத்த உக்காருங்க."

கழன்ற சக் லேத்தின் இரும்புப் படுக்கையில் விழுந்து எகிறி, நீட்டிய வலது மணிக்கட்டில் அடித்தது. தம்ளர் உருண்ட சத்தம் நினைவிருக்கிறது. "விரல் அசைய மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னாள்.

தகடு வைத்து ஐந்து திருகு முடுக்கினார்கள். இப்போதும் சுண்டு விரல் ஆர்மோனியக் கட்டைக்கு எட்டுவதில்லை. பூசையில் வேறு யாரோ வாசிக்கிறார்கள். அவள் இரண்டாவது வரிசையில், வலது கையை இடது கையால் மூடியபடி உட்கார்ந்திருப்பாள்.

சக் ஆயிரத்துத் தொள்ளாயிரம், வளையம் முந்நூற்று ஐம்பது, மருத்துவமனை அறுபத்தெட்டாயிரத்து நானூறு. ஆக மொத்தம் எழுபதாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்.