மெஷினுக்கு என்ன ஆச்சு?

சத்யப்ரியாவின் கடையில் ஒரு கேள்விக்கு மட்டும் தடை. வருகிறவர் யாராக இருந்தாலும், கொண்டுவருவது எந்தக் கோலத்தில் இருந்தாலும், "நீங்க என்ன பண்ணீங்க?" என்று அவள் கேட்கவே மாட்டாள். "மெஷினுக்கு என்ன ஆச்சு?" அவ்வளவுதான். தமிழர் வந்தால் தமிழில், வங்காளி வந்தால் வங்க மொழியில்.

என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். வித்தியாசம் இருக்கிறது ஐயா! முதல் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நல்ல மனிதர்கள்கூடக் கூசாமல் பொய் சொல்வார்கள். "ஒண்ணுமே பண்ணலம்மா, அதுவா நின்னு போச்சு." பொய்யை நம்பி மெஷினைத் திறந்தால் அதோடு போச்சு. தண்ணீர் போனதை மறைத்தவரின் மெஷினுக்குக் கரன்ட் கொடுத்து, இருந்த உயிரையும் ஒருமுறை போக்கியிருக்கிறாள். அன்றிலிருந்துதான் இந்தத் தடை.

வங்காளத் தலைநகரின் கரியாஹாட் கடைவீதியில் ஒரு புடவைக்கடையின் மாடிப்படிக்குக் கீழே அந்தக் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே அவள் பார்க்காத கூத்து கிடையாது. ஒரு ஸ்கூல் வாத்தியார், "இந்த ஃபோல்டரெல்லாம் நான் போட்டதே இல்லையே" என்று கம்ப்யூட்டரை ஓடவைக்கும் ஃபைல்களை முழுசாகத் துடைத்துவிட்டு வந்தார். இன்னொரு வீட்டில் டிசம்பர் மாதக் குளிருக்குப் பயந்து சி.பி.யு.வுக்குக் கம்பளிச் சால்வை போர்த்தி முடிச்சும் போட்டிருந்தார்கள். உள்ளே அது வெந்துகொண்டிருந்தது. "டாண்டா லேகே ஜாபே" என்றார் அந்த வீட்டுப் பெரியவர், கவலையாக. சளி பிடித்துவிடுமாம்! சத்யப்ரியா சிரிக்கவில்லை. சால்வையை மடித்து அவர் கையில் கொடுத்து, "இதுக்கு உள்ளேயே ஜுரம் ஜாஸ்தி தாதா, காத்து பட்டாத்தான் இறங்கும்" என்று வங்க மொழியில் சொன்னாள். அவருக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது.

அவளுக்கு வயது முப்பத்துநாலு. கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். கம்ப்யூட்டர் படித்த பட்டம் எதுவும் இல்லை. நியூ டவுனில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஆறு வருஷம் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஜனங்களின் கம்ப்யூட்டர் கோளாறுகளைக் கேட்டவள். ஒரு அழைப்புக்கு ஏழு நிமிஷம் என்பது அங்கே சட்டம். இவளோ இருபது நிமிஷம் பேசவிடுவாள். மூன்று முறை எச்சரித்தார்கள். நாலாவது முறைக்குக் காத்திருக்காமல் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவள்தான்.

போன துர்கா பூஜை முடிந்து நாலாம் நாள், திங்கட்கிழமை, கார்டன் ரீச்சிலிருந்து, கடைக்கு வந்து பழக்கமான நாகலட்சுமி ஆன்ட்டி கூப்பிட்டாள்.

"பிரியா, ஒரு லேப்டாப் இருக்கு. உள்ள இருக்கறதெல்லாம் அழிச்சுக் குடுத்துடறியா? எக்ஸ்சேஞ்சுல போட்டுரலாம்னு இருக்கேன்."

குரலில் ஈரம் இருந்தது. சத்யப்ரியா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அன்று வங்காளிகளுக்கு லட்சுமி பூஜை. தெருவில் வாசலுக்கு வாசல் அரிசிமாவில் குட்டிக் குட்டிக் காலடிகள். அவற்றை மிதித்துவிடாமல் தாண்டித் தாண்டி நாகலட்சுமி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

நாகலட்சுமிக்கு ஐம்பத்திரண்டு. வீட்டுக்காரர் சண்முகம் துறைமுக ஆபீசில் இருக்கிறார். அதற்கு முன்னால் வேறு வேலை, ஊர் ஊராக மாற்றல். கல்யாணமாகி அவள் மூட்டை கட்டிய ஊர்கள் மட்டும் ஒன்பது. ஒவ்வொரு ஊரிலும் படிப்பை ஆரம்பிப்பாள், பாதியில் விடுவாள். கடைசியில் தபால்வழியில் எம்.ஏ. வரை வந்துவிட்டாள். மிச்சம் ஒரே ஒரு ஆய்வேடு. கணவன் மாற்றலாகிற வீடுகளில் மனைவி, மகள்களின் படிப்பு என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். ரயில்வே காலனியிலும் துறைமுகக் குடியிருப்பிலும் வீடு வீடாக ஏறி நாற்பது பெண்களின் பேச்சைப் பதிவு செய்திருந்தாள். எல்லாம் அந்த லேப்டாப்பில். கொடுக்க வேண்டிய கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை.

"அதையா அழிக்கச் சொல்றீங்க?" சத்யப்ரியா பையைக் கீழே வைத்தாள்.

"வேண்டாம் பிரியா. போதும்."

"சரி ஆன்ட்டி. மெஷினுக்கு என்ன ஆச்சு?"

நாகலட்சுமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். நவமியன்று காலை பத்து மணிக்கு ஆயுத பூஜை. மிக்ஸி, தையல் மிஷின், சண்முகத்தின் ஸ்கூட்டர் சாவி, பாடப் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் லேப்டாப். புத்தகத்தை மூடி வைத்தாள். அணைத்த லேப்டாப்பை மட்டும் திறந்து வைத்தாள். எழுத்து இருக்கிற பக்கம்தானே சரஸ்வதிக்கு! நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். அப்புறம் மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள்.

"கொஞ்சம் தாராளமாவே விழுந்துருச்சு. பட்டன் இடுக்குல இறங்கறதப் பாத்தேன். தொடைக்கலாம்னு கை நீட்டினேன். ஆனா பூஜையில வெச்சத மறுநாள் புனர்பூஜை வரைக்கும் தொடக்கூடாதில்ல? விட்டுட்டேன். தசமி காலையில எடுத்து ஆன் பண்றேன், அசையல."

"ராத்திரி பூரா அப்படியே இருந்துதா? யாரும் தொடல?"

"யாரு தொடுவா? நான் தொடல, அவரு தொடல." குரல் உடைந்தது. "முப்பது வருஷமா படிக்கணும் படிக்கணும்னு அலைஞ்சேன். கடைசியில அவ காலடியில வெச்சது அவ காலடியிலயே செத்துப்போச்சு. உனக்கு வேண்டாம்டின்னு அவளே சொல்லிட்டா. இதுக்கு மேல நான் யார்கிட்ட கேக்கறது?"

சண்முகம் ஜன்னலோரம் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். வெகுநேரமாகப் பக்கம் திரும்பவில்லை.

சத்யப்ரியாவுக்கு ஒன்று இடித்தது. அணைத்துவைத்த மெஷினில் தண்ணீர் போனால் உடனே சாகாது. பூஜை காலை பத்து மணிக்கு, மறுநாள் வரை யாரும் தொடவில்லை என்றால் நன்றாக உலர்ந்திருக்குமே! சொல்லப்போனால் ஆன்ட்டியின் ஆசாரம்தான் அதைக் காப்பாற்றியிருக்க வேண்டும். ஈரத்தோடு யாராவது ஆன் பண்ணினால்தான் இப்படிக் கருகும்.

அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அடிப்பக்கத்தைக் கழற்றினாள். மதர்போர்டில் மஞ்சள் பூத்திருந்தது, ஒரு மூலை கருகியிருந்தது. ஆனால் தகவலெல்லாம் இருக்கிற ஹார்டு டிஸ்க் ஓரமாகச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அதன்மேல் ஒரு பொட்டு ஈரமில்லை. அதைக் கழற்றித் தன் லேப்டாப்பில் ஒரு கேபிளால் மாட்டினாள். ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்தன. நாற்பது பதிவுகள், ஆய்வேடு, நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

"எல்லாம் பத்திரமா இருக்கு ஆன்ட்டி!"

நாகலட்சுமி எட்டிப் பார்த்தாள். முகம் ஒரு நொடி மலர்ந்து, மறுபடி வாடியது. "இருந்தா இருக்கட்டும். சகுனம் சொன்ன பிறகு எழுதறதுக்கு எனக்குக் கை வராது. அழிச்சுரு."

ஐயோ, இது என்ன பிடிவாதம்! ஃபைலை மீட்டால் போதாதா, இந்த மனுஷியையும் அல்லவா மீட்க வேண்டியிருக்கிறது!

கம்ப்யூட்டர் தான் எப்போது எழுந்தது, எப்போது விழுந்தது என்று தனக்குள்ளே குறித்துவைத்துக்கொள்ளும். சத்யப்ரியா அந்தக் குறிப்பைத் திறந்தாள். கடைசியாக எழுந்தது தசமி காலையில் இல்லை. நவமி மத்தியானம் மூன்று மணி பன்னிரண்டு நிமிஷம்.

ஜன்னலோரம் செய்தித்தாளின் பக்கம் இன்னும் திரும்பவில்லை.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கையும் களவுமாகப் பிடித்திருப்பார்கள். சத்யப்ரியா திரையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், பொதுவாகக் கேட்டாள்.

"நவமி மத்தியானம் மூணு மணிக்கு மெஷினுக்கு என்ன ஆச்சு?"

வெளியே எங்கோ லட்சுமி பூஜைக்குச் சங்கு ஊதினார்கள். செய்தித்தாள் மெல்ல இறங்கியது. பின்னால் சண்முகத்தின் முகம், திருட்டு முழியோடு.

"நாந்தான் நாகு."

"என்ன நீங்கதான்?"

"நீ தூங்கிட்டிருந்த. டிவியில ஒண்ணுமில்ல. ஒரே ஒரு ஆட்டம் சீட்டு ஆடலாம்னு... ஆன் பண்ணினேன். பாதி ஆட்டத்துல பட்டுன்னு அணைஞ்சு, பொசுங்கின வாசனை வந்துச்சு. அப்படியே வெச்சுட்டேன்."

நாகலட்சுமி எழுந்தே நின்றுவிட்டாள். "நாலு நாளா நான் அழறத பாத்துக்கிட்டு இருந்தீங்களா? சரஸ்வதி வேண்டாம்னுட்டான்னு நான் பொலம்பறேன், நீங்க பேப்பர் படிக்கிறீங்களா?"

"சொன்னா ஜென்மத்துக்கும் பேசமாட்டியோன்னு பயம். தப்புதான் நாகு. பெரிய தப்பு." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவ ஒண்ணும் சொல்லல. பாழாப்போன சீட்டுக்கட்டு. என்னாலதான்."

நாகலட்சுமி அவரை முறைத்தாள். அப்புறம் பூஜை அலமாரியைப் பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பிரியா, அதக் காப்பி பண்ணு. ஒரு எடத்துல இல்ல, மூணு எடத்துல. வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்கு உன் லேப்டாப் வேணும். இவருதான் உக்காந்து பக்க நம்பர் போடுவாரு, மேற்கோள் பட்டியல் சரி பாப்பாரு. தூங்க விடமாட்டேன்."

"பண்றேன் நாகு, பண்றேன்" என்று அசடு வழிந்தார் சண்முகம்.

"அழிக்கச் சொன்னீங்களே ஆன்ட்டி?"

"உன் லேப்டாப்புல சீட்டாட்டம் இருக்கா?"

"இருக்கு."

"அத அழி."

நாற்பது பதிவுகளைக் காப்பி செய்ய நேரமாகும். சண்முகம் பிராயச்சித்தமாக டீ போடப் போனார். கார்டன் ரீச், கரக்பூர், சக்ரதர்பூர் என்று மாற்றலாகிப் போன ஊர்களின் பெயர்களோடு ஒவ்வொரு பெண்ணாகத் திரையில் நகர்ந்து போனதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சக்ரதர்பூர் வந்தபோது சத்யப்ரியா, "எங்கப்பாவையும் அங்கதான் மாத்துனாங்க" என்றாள், ஏதோ பஸ் நம்பர் சொல்கிற மாதிரி. "நான் பி.எஸ்சி. ரெண்டாவது வருஷம் அப்போ."

நாகலட்சுமி திரும்பி அவளைப் பார்த்தாள். படிப்பை ஏன் விட்டாய், ஏன் திரும்பிச் சேரவில்லை என்று இதுவரை சத்யப்ரியாவைக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். அத்தனை பேரிடமும் அவள், "ஒண்ணுமில்ல, அதுவா நின்னு போச்சு" என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

நாகலட்சுமி தன் போனை எடுத்து, பதிவு செய்யும் பொத்தானை அழுத்தி, மேஜைமேல் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"சொல்லு பிரியா. என்ன ஆச்சு?"

நாலு மாதம் கழித்து பாஸாகித் திரும்பி வந்த அந்த ஆய்வேட்டில் நாற்பது பெண்கள் இல்லை, நாற்பத்தோரு பெண்கள். அதன் ஒரு பிரதி கரியாஹாட் கடையில் ஸ்க்ரூ டிரைவர் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குள் பக்க அடையாளமாகச் செருகியிருப்பது, சத்யப்ரியா விட்ட படிப்பைத் தொடரப் பூர்த்தி செய்துவைத்திருக்கும் விண்ணப்பம்.