கம்பளத்தில் எறும்பு

கல்பாக்கம் குடியிருப்பில் இருந்த ஓர் அதிகாரி மாற்றலாகிப் போகும்போது தன் வீட்டுக் கம்பளத்தை என் கணவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அதை விரித்தோம். ஞாயிறு மாலை ஜெபத்துக்கு வருகிறவர்கள் அதில்தான் உட்காருவார்கள்.

எங்கள் நாய்க்கு அப்போது எட்டு வயது. ஒருநாளும் வீட்டுக்குள் அசிங்கம் செய்யாதவள், அந்தப் பங்குனியில் கம்பளத்தின் ஒரே மூலையில் தினமும் சிறுநீர் விட ஆரம்பித்தாள். பினாயில் ஊற்றித் தேய்த்தேன். இரண்டு வாடையும் சேர்ந்து இன்னும் மோசமானது. நான்காம் நாள் துடைப்பத்தால் ஓர் அடி போட்டேன். அவள் ஓடவில்லை. வாலை ஒடுக்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர். வந்ததும் என் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி ஓரமாக வைத்தார். “இன்னா இப்டி தேச்சிகினு கீற? தேச்சா அடில எறங்கிடும். ஒத்தி எடு.”

பழைய துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். ஈரம் துண்டுக்கு வந்தது. வினிகரில் தண்ணீர் கலந்து தெளித்து, ஆப்பசோடா தூவினார். அடிப்பக்கம் பார்க்க ஓரத்தைத் தூக்கினார். கீழே எறும்பு மொய்த்திருந்தது.

“எறும்பு எத்தினி நாளா வருது?”

“நாலஞ்சு நாளாக்கா. பசங்க எதுனா சிந்திகீதுங்கன்னு நெனச்சேன்.”

“நாய்க்கு சக்கர கீதா பாரு. எங்க மாமியாருக்கு இப்டிதான் கண்டுபுடிச்சோம். பாத்ரூம்ல எறும்பு மொய்ச்சுது.”

நாய்க்குச் சர்க்கரை வருமென்றே எனக்குத் தெரியாது. சில வாரங்களாக அவள் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்ததையும், விலா எலும்பு தெரிய இளைத்ததையும் வெயில் என்று விட்டிருந்தேன்.

திங்கள்கிழமை கணவரும் நானும் அவளைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்துப் பார்த்த கால்நடை டாக்டர், “சக்கரதாம்மா. அடக்க முடியாமதான் உள்ளயே போயிருக்கு” என்றார். அடித்ததை அவரிடம் சொல்லவில்லை. திரும்பும் வழியில் கணவரிடம் சொன்னேன்.

“தெரியாம பண்ணதுதான, வுடு” என்றார். என்னால் விட முடியவில்லை.

கம்பளம் மூன்று முறை அக்கா செய்த மாதிரியே செய்ததில் சுத்தமாகிவிட்டது. உற்றுப் பார்த்தால் மட்டும் ஒரு வெளிறிய வட்டம். இன்சுலின் போட நானே கற்றுக்கொண்டேன். மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கிறது. இப்போதெல்லாம் சாப்பிட்டு முடித்ததும் அவளே ஃப்ரிட்ஜ் பக்கம் வந்து நிற்கிறாள்.