வயசு வரட்டும்

என்னை எந்த வயசில் குஸ்திக்கு விடுவது என்று வீட்டில் வருஷக்கணக்காகப் பேச்சு நடந்தது. குஸ்தி போடப்போகிற என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளில் அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை, எங்களுக்கு அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ். ஸ்டாஃப் பஸ்ஸில் வந்து இறங்கி அவர் டிபன் கேரியரைக் கீழே வைத்ததும், இடுப்பைக் கட்டிக்கொண்டு தள்ளுவேன். ஹாலில் பாயை விரித்து அதுதான் கோதா என்பார். "எவனாவது கையப் புடிச்சா, அவன் கட்டைவிரல் பக்கமா திருப்பி இழுடா. பிடியில ஓட்டை அங்கதான்" என்று சொல்லிக்கொடுத்தது அவர்தான். என்னை அவர் 'டா' போட்டுத்தான் கூப்பிடுவார். "பொம்பளப் புள்ளைக்கு நல்லா கத்துக் குடு" என்று அம்மா பல்லைக் கடிப்பாள். நாங்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டோம்.

செங்கல்பட்டில் குஸ்தி பழக்கும் வஸ்தாது ஒருவர் இருந்தார். மூன்றாம் வகுப்பில் அப்பா என்னை அவரிடம் அழைத்துப் போனார். அவர் என் தோளை அழுத்திப் பார்த்தார். "எலும்பு இன்னும் இளசா கீது. வயசு வரட்டும், இட்டுகினு வா" என்றார். பொண்ணாச்சே என்று அவர் வாயில் வரவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

ஒவ்வொரு முழுப்பரீட்சை லீவிலும் கேட்பேன். "வயசு வரட்டும்டா" என்பார் அப்பா. தண்டாலும் பஸ்கியும் எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். ஏழாம் வகுப்பு லீவில் அவரே, "ஞாயித்துக்கிழமை போலாம்" என்றார். நீல டிராயர்கூட வாங்கி வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வயசு வந்தது. நாங்கள் காத்திருந்த வயசு அதுவல்ல.

அத்தை வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றி, என்னை மூலையில் உட்காரவைத்தாள். "இனிமே கண்டவன்கூட கட்டிப் பொரண்டா ஊரே சிரிக்கும்" என்றாள். அப்பா வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

சடங்குக்கு வஸ்தாதும் வந்தார். "இன்னா நைனா, புள்ளய இட்டாரவே இல்ல?"

"வயசுக்கு வந்துட்டா" என்றார் அப்பா.

"அதத்தானே நானும் சொன்னேன், வயசு வரட்டும்னு! நாளைக்கே இட்டுகினு வா."

பந்தலே சிரித்தது. வஸ்தாது சிரிக்கவில்லை. அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

குஸ்தி போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பள்ளிக்கூடம் திறந்த அன்று, பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அப்பாவிடம் பழையபடி ஓடினேன். "தள்ளி நில்லும்மா" என்றார். 'டா' போய் 'ம்மா' வந்துவிட்டது. பாய் பீரோ மேலே போனது. அதற்கப்புறம் அவர் விரல்கூட என்மேல் படவில்லை. எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற அப்பாவை நினைத்து ஏங்கி அழுதிருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம், மாமல்லபுரத்தில் ஒரு மண்டபத்தில் எனக்குக் கல்யாணம். தாரை வார்க்கும்போது ஐயர் சொல்லித்தான் அப்பா என் கையைப் பிடித்தார். அம்மா தண்ணீரை ஊற்றினாள். "விடுங்க சார், மாப்ள கையில குடுங்க" என்றார் ஐயர். அப்பா விடவில்லை. பிடி இறுகிக்கொண்டே போனது.

"கட்டைவிரல் பக்கமா திருப்பி இழுடா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் இழுக்கவில்லை.