அத்தை ஊறவைத்த கற்கள்

எங்கள் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பொறியியல் கல்லூரியில் சிவில் பேராசிரியராக இருந்தார். அவரிடம் படித்தவர்கள் கட்டிய பாலத்தில் ஏறாமல் மதுரைக்குள் நுழையவே முடியாது என்று அப்பா அளந்துவிடுவார். அவர் படிப்பைக் கொஞ்சமும் மதிக்காத ஒரே ஆள் எங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனார்தான். அவருக்கு அத்தை வெறும் 'டீச்சரம்மா'.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அவனியாபுரத்தில் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. மார்கழியில் கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்று, அத்தை காளவாசலில் உள்ள தன் வீட்டிலிருந்து மூன்று இரும்பு அச்சுகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கூரைக்குப் போகிற கலவையையே அள்ளி அச்சுகளை நிரப்பினார். மறுநாள் பிரித்தால் அரையடிக்கு அரையடியில் மூன்று கற்கள். அவற்றின் மேல் தேதியை எழுதித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார். இருபத்தெட்டு நாள் ஊறியபின் கல்லூரி மெஷினில் வைத்து நசுக்கிப் பார்ப்பாராம். கல் தேறினால் கூரை தேறியது. அதுவரை கூரையைத் தாங்கி நிற்கும் முட்டுக் கம்புகளில் ஒன்றைக்கூட யாரும் தொடக் கூடாது.

கொத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "பதினாலு நாள்ல முட்டப் பிரிச்சிருவேன் டீச்சரம்மா. இதென்ன வடைக்கு உளுந்தா, ஊறப்போட?" என்றார். அத்தை சிரித்துக்கொண்டாரே தவிர, ஒரு நாளைக்கூடக் குறைக்கவில்லை.

இருபத்தெட்டு முடிய இரண்டு நாள் இருக்கும்போது பொங்கல் வந்தது. புது வீட்டு வாசலில்தான் பானை வைக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். ஒரே உயரத்தில் மூன்று கல் கொண்டுவா என்று என்னை அனுப்பினார். செங்கல் குவிந்து கிடந்தது. ஆனால் ஒன்றுக்கு மூக்கு இல்லை, இன்னொன்றுக்கு வால் இல்லை. எனக்குச் சட்டென்று தொட்டி ஞாபகம் வந்தது. மூச்சுமுட்டத் தூக்கி வெளியே போட்டு, புரட்டிப் புரட்டியே மூன்றையும் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். அடுப்பு பற்றவைக்கும் அவசரத்தில் அம்மா கற்களைக் கவனிக்கவில்லை. பானை கொஞ்சமும் ஆடாமல் நின்றது. "பிள்ளைக்கு அத்த மூளை" என்று என்னை மெச்சிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பால் பொங்கி வழிந்த நேரத்தில் ஒரு கல்லின் மூலை 'பட்'டென்று தெறித்தது. அப்பாவிடம் பொங்கல் வேட்டி வாங்க வந்திருந்த கொத்தனார் துள்ளி எழுந்து, "எவன்டா வெடி போட்டது?" என்று கத்தினார். அந்த நேரம் பார்த்துக் கரும்பும் கையுமாக அத்தை வந்து நின்றார். குனிந்து அடுப்பைப் பார்த்தார். கரிக்கு நடுவே அவர் எழுதிய தேதி பாதி தெரிந்தது.

நான்தான் எடுத்தேன் என்று அழுகையோடு ஒப்புக்கொண்டேன். அத்தை மணல்மேட்டில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். இரண்டு முறை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"நெருப்புல வெந்தத நசுக்கி என்ன செய்ய? அது பொய்தான் சொல்லும்" என்று அப்பாவிடம் சொன்னார். உடனே பதறியது கொத்தனார்தான். "அப்ப என் வேல தேறுச்சா இல்லையான்னு எப்படித்தான் தெரியும்?"

முட்டுப் பிரிப்பதை அத்தை இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போட்டார். சுத்தியல் போன்ற ஒரு கருவியால் கூரை முழுக்கத் தட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது என்றார். ஆனால் கல்லைப் போல அது அடித்துச் சொல்லாதாம். முட்டுப் பிரிக்கும் காலையில் எங்கள் எல்லோரையும் தெருவுக்கு அனுப்பினார். உசிலம்பட்டிக்கார வேலையாட்கள் இருவர் உள்ளே போனார்கள். பின்னாலேயே அத்தையும் போய்க் கூரைக்கடியில் நட்டநடுவே நின்றுகொண்டார்.

"அக்கா, வெளிய வா. அவுக பாத்துக்கிருவாக" என்று அப்பா வாசலில் நின்று கெஞ்சினார்.

"அவுக நிக்கிற எடத்துல நான் நிக்கக் கூடாதா?" என்றார் அத்தை. அதைக் கேட்ட கொத்தனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றார்.

எல்லோரும் அங்கே நிற்கும்போது எனக்கென்ன? அப்பாவின் கைக்கடியில் நுழைந்து ஓடிப்போய் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். "வெளிய போ கழுத!" என்று அத்தை போட்ட சத்தத்தில் வேலையாளின் கை நின்றுவிட்டது. என்னைத் தரதரவென்று இழுத்துவந்து அப்பாவிடம் தள்ளிவிட்டு மறுபடி உள்ளே போனார். மணல்மேட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். கடைசிக் கம்பும் கழன்று வந்தது. கூரை அசையவில்லை. கொத்தனார் தன்னை மறந்து அத்தையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அத்தையின் மாணவர்கள் இன்றும் முட்டுப் பிரிக்கும் நாளில் கூரைக்கடியில் போய் நிற்கிறார்களாம். ஆனால் அத்தை ஏன் அங்கே போய் நின்றார் என்று யோசிக்கிற வயதா அன்று எனக்கு? அத்தை வெளியே வந்து சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார். அந்தத் தைக் குளிரிலும் அவர் கை வேர்த்திருந்தது, விரல்கள் நடுங்கின. அடுப்புக் கல்லுக்காக இத்தனை நாள் அடக்கிவைத்திருந்த கோபம் இன்னும் அடங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எப்படியோ திட்டி முடித்துவிட்டார், இனிப் பயமில்லை என்று எனக்கு ஒரே நிம்மதி.