புவனேந்திரனின் கறுப்புக் கார்

மலாக்காவில், பத்து பெரண்டாம் என்கிற இடத்தில், எங்கள் வீட்டுப் போர்ச்சில் ஒரு கறுப்புக் கார் நிற்கிறது. அது வந்த நாளிலிருந்து துணி காயப்போட இடமில்லை. மழை வந்தால் ஈரத்துணியை ஹாலில் விசிறிக்குக் கீழே தொங்கவிடுகிறேன். கார் ஓடாது, எஞ்சினே கிடையாது. ஒரு பழைய தமிழ்ப் படத்தில் கதாநாயகன் ஓட்டிய காரைப் பார்த்து, அதே மாதிரி என் வீட்டுக்காரர் புவனேந்திரன் செய்தது. படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். இந்த வீட்டில் அதைப் போதும் போதும் என்கிற அளவு கேட்டாகிவிட்டது.

அவர் பிறந்தது அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். வீடு கட்டுகிற கம்பெனிக்கு முதலாளி தோட்டத்தை விற்றபோது பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டார். செங் என்கிற ஊரில் கொஞ்ச நாள் பழைய கார் வெட்டுகிற கடையில் இருந்தார். அப்புறம் இங்கே ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்க்கிற வேலை. எதைப் பார்த்தாலும் கழற்றத்தான் கை போகும். கல்யாணமான புதிதில் என் மிக்ஸியைப் போர்ச்சுக்கு எடுத்துப்போய்க் கழற்றினார். திரும்ப மாட்டியபோது ஒரு திருகு மிச்சம். "அது தேவையில்லாத திருகும்மா" என்றார். மிக்ஸி ஓடியது, நானும் சட்னி அரைத்தேன்.

அந்த மிக்ஸியைக்கூட நான்தான் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். அடுப்படிக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் வாசலில் நின்று குரல் கொடுப்பார். அவர் அப்பாவும் அப்படித்தானாம்.

படத்தில் வந்த கார் அம்பாசடர். அது மலாக்காவில் எங்கே கிடைக்கும்? அதற்கு அண்ணன் மாதிரி ஒரு வெள்ளைக்காரன் கார், மோரிஸ், கோலா சுங்கை பாருவில் ஒரு மீன்பிடிக்காரர் வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. உள்ளே வலையும் கோழியும். உப்புக்காற்று அடிப்பாகத்தைத் தின்றிருந்தது. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். எத்தனை கழுவியும் கருவாட்டு நாற்றம் ஒரு வருஷம் போகவில்லை.

அப்புறம் சாமான் வேட்டை. படக்காரர்கள் அந்த அம்பாசடரில் வேறு வேறு வண்டிச் சாமானை ஒட்டி உருவத்தையே மாற்றியிருந்தார்கள். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். முன்விளக்கு ஸ்கூட்டருடையது, பின்விளக்கு பஸ்ஸுடையது என்று கண்டுபிடிப்பார். பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடியில் எத்தனை வரி ஓடுகிறது என்று எண்ணி, அதே வரி உள்ளது வரும்வரை விடமாட்டார். "கிட்டத்தட்ட போதாதா?" என்று ஒருமுறை கேட்டேன். "கிட்டத்தட்டன்னா அது வேற காடி" என்றார். காரை இங்கே காடி என்றுதான் சொல்வோம். போனில் ஒரு குழுவும் இருந்தது. கோயம்புத்தூர், கொழும்பு, ஈப்போ என்று பல ஊரிலிருந்தும் இதே பைத்தியங்கள்.

எல்லாம் கிடைத்தது, ஒன்றைத் தவிர. அந்தக் காரின் பானெட்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளி நிறத்தில் வட்டமாக ஒன்று இருக்கும். அதில் நாலு மேடு, மேடு முழுக்கப் பொடி ஓட்டை. துரத்துகிற கட்டத்தில் அதன் வழியாகத்தான் புகை வரும். அது என்ன சாமான் என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்பீக்கர் மூடி என்றார் ஒருவர். விமானத்தில் காற்றுப் போகிற மூடி என்று இன்னொருவர் சத்தியமே செய்தார்.

இதற்கிடையில் இவருக்கிருந்த இனிப்புநீர், சர்க்கரை வியாதி, கண்ணைப் பிடித்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் லேசர் வைக்கத் தேதி கொடுத்தார்கள். அன்று காலை சட்டையைத் தேய்த்துவைத்துவிட்டு வந்தால், மனுஷன் வேலைக்குப் போடுகிற பழைய சட்டையில் மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க, எங்க கிளம்பிட்டீங்க? ஆஸ்பத்திரிக்குப் போவணும்லா."

"தங்கராஜு அண்ணன் போன் பண்ணாரு. கடையில பழைய ராணுவ வேன் ஒன்ன வெட்டறாங்களாம். பக்கத்துல வட்டமா, ஓட்டை போட்ட மூடி இருக்காம்."

"மூடி எங்கயும் ஓடிப்போவாது."

"நசுக்கிருவாங்கமா. கண்ணு எங்க போவப்போவுது? வேற தேதி வாங்கிக்கலாம்."

"போய்த் தொலைங்க" என்றேன். போனார்.

தங்கராஜு அண்ணன்தான் இவர் முன்பு வேலை செய்த செங் கடையின் முதலாளி. மதியம் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். நான் தேத்தண்ணி கலக்கவில்லை.

"என்னா தங்கச்சி, மொறைக்கிற? நான் வாடான்னேன். ஆஸ்பத்திரிய விட்டுட்டு வாடான்னா சொன்னேன்?"

"கெடச்சுதா?" என்று இவரிடம் கேட்டேன்.

"இல்லமா," என்றார் இவர். "தட்டையா இருக்கு. நமக்கு மேடு வேணும்."

வேறு தேதி உடனே கிடைக்குமா? தள்ளித்தான் கொடுத்தார்கள். அது வருவதற்குள், ஒரு காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர், "பவானி, கண்ணுக்குள்ள மை கொட்டின மாதிரி இருக்கு" என்றார். உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. இடது கண் அதோடு போனது. வலது கண்ணுக்கு என்னென்னவோ செய்தார்கள். "முடிஞ்சதைச் செய்யறோம், உறுதி சொல்ல முடியாது" என்றார் டாக்டர். ஃபேக்டரியில் மெஷின் பக்கம் விட முடியாது என்று கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் உட்கார்ந்தார். காரைத் தடவிக்கொண்டே ஒருநாள் சொன்னார்:

"இந்தக் கண்ணும் போறதுக்குள்ள ஒரே ஒரு தடவ, காடிய முழுசா, வெயில்ல வச்சுப் பாத்துடணும் பவானி. வேற ஒண்ணும் வேணாம்."

"அந்த ரெண்டு மூடி இல்லாமலே பாருங்களேன்."

"அப்ப அது முழுசா?"

ஈரத்துணியைப் பிழியப் போய்விட்டேன்.

வலது கண்ணும் மங்கிக்கொண்டே வந்தது. வெயிலில் நின்றால் பெரிய உருவம் தெரியும், டிவி தெரியாது. ஒரு மத்தியானம் நான் ஹாலில் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் படத்தை ஓடவிட்டு, சத்தத்தை வைத்தே அந்த இடத்தில் நிறுத்தினார்.

"கொஞ்சம் பாத்துச் சொல்லேன். அந்த மேட்டுல ஓட்டை வரிசையா இருக்கா, வட்டமா இருக்கா?"

அந்தப் படத்தை ஒருநாளும் நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவரும் கூப்பிட்டதில்லை. கத்தியை வைத்துவிட்டுக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன்.

"வட்டமாத்தான் இருக்கு. நடுவுல பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கே, கம்பி விடற ஓட்டை."

"என்னா கம்பி?"

"தட்ட அடுக்கற கம்பி. இது இட்லித் தட்டுங்க."

"வெளையாடாத."

"நான் ஏன் வெளையாடறேன்? கவுத்துப்போட்டுச் சாயம் அடிச்சிருக்கான். அதுலேர்ந்து ஆவி வேற வருது. அப்பயுமா தெரியல?"

கோயம்புத்தூர்க்காரரும் கொழும்புக்காரரும் இட்லி தின்றுவிட்டுத்தான் விமான மூடி என்று எழுதியிருப்பார்கள். அந்தக் குழுவில் பொம்பளை ஒருத்திகூட இல்லை.

போய் எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன். என் அம்மா கொடுத்த அலுமினியத் தட்டு, ஜோடியில் ஒன்று. இப்போது வருகிற தட்டுகளில் ஓட்டை வேறு மாதிரி இருக்கும். நாலு மேட்டையும் விரலால் தடவினார். நடு ஓட்டையில் விரலை விட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"எங்க இருந்துச்சு?"

"அடுப்புக்கு மேல, ஆணியில. நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து."

எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே அடுப்படிக்குள் போனார். எந்த ஆணி என்று கேட்டார். கையைப் பிடித்து மேலே வைத்தேன். ஆணியைப் பிடித்தபடி நின்றார்.

"அன்னிக்கு செங்குக்குப் போவாம இருந்திருந்தா..."

சொல்ல எனக்கு வாய் நிறைய இருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் பயத்தங்காய்க்கே திரும்பிவிட்டேன்.

இனி வெயில் வரவேண்டும், அவ்வளவுதான். மலாக்காவில் அப்போது பார்த்து மழை. இரண்டு தட்டுக்கும் அடித்த வெள்ளிச் சாயம் காயவில்லை. காய்ந்தபோது அவர் வலது கண்ணிலும் ரத்தம் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் தெரிந்தது.

"விட்டுடலாமாங்க?" என்று கேட்டேன்.

"தட்ட மாட்டணும்" என்றார்.

தங்கராஜு அண்ணன் துளை போட்டார், இவர் கைத்தடவலிலேயே திருகினார். மாட்டி முடித்ததும் அண்ணன் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தார்.

"ஓடாத காடிக்கு எதுக்குண்ணே எலுமிச்சம்பழம்?"

"புதுக் காடின்னா வைக்கணும் தங்கச்சி. தள்ளினாலும் நசுங்கும்லா."

டயருக்குக் கீழே வைத்து மூன்று பேரும் தள்ளினோம். பழம் நசுங்கியது. கார் கேட்டைத் தாண்டி வெயிலுக்கு வந்தது.

"அச்சு அசல்டா புவனா!" என்று கத்தினார் அண்ணன். "படத்துலேர்ந்து எறங்கி வந்த மாதிரி இருக்கு!"

இவர் திரும்பவில்லை. "பவானி, நீ சொல்லு. பொய் சொல்லாத."

பார்த்தேன். இடது பக்கம் சரி. வலது பக்கம் சரியில்லை.

"வலது தட்டு திரும்பியிருக்கு. படத்துல ஒரு மேடு நேரா மேல நிக்கும். இங்க சாஞ்சிருக்கு."

"ஏன் தங்கச்சி," என்று பல்லைக் கடித்தார் அண்ணன். "இப்ப இத சொல்லணுமா?"

"ஸ்பேனர் குடுங்கண்ணே" என்றார் இவர்.

திருகைத் தளர்த்தித் தட்டைத் திருப்பினார்.

"இப்ப?"

"இன்னுங் கொஞ்சம்."

"இப்ப?"

"அதிகம். பின்னால வாங்க... நிறுத்துங்க. அங்கதான்."

இறுக்கினார். கையைத் துடைத்துக்கொண்டு, காரைப் பார்க்க வேண்டுமென்று நாலு அடி பின்னால் போய் நின்றார். வெயில் முகத்தில் அடித்தது. கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார், எதிர்வீட்டு வேலியை.

நான் போய்த் தோளைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பிவிட்டேன்.